ரிப்பன் வெட்டாத வாகனம்

என் தங்கச்சியின் மருமகன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என்னை ஒரு வட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார். கல்முனைப் பக்கத்துக் கார்ப் பிரியர்களின் குழு அது. வெள்ளிக்கிழமைகளில் அசர்த் தொழுகைக்குப் பிறகு கடற்கரை வீதியில் கார்களை வரிசையாக நிறுத்தி, பொனட்டைத் திறந்து, மூடி, படம் எடுத்துப் போடுவார்கள். போன கிழமை அதில் ஒருவர் ஒரு கேள்வி போட்டார்: "நீங்க ஓடின கார்களுக்குள்ள ஆகத் திறமான கார் எது?"

வாசித்து முடிக்க முடியாத அளவுக்குப் பதில் வந்தது. கட்டாரில் ஒரு பணக்காரர் வீட்டில் வேலை செய்தவர் சொன்ன காரில் கதிரை தானாகவே முதுகைப் பிடித்துவிடுமாம். இன்னொருவர் கதவு மூடும் சத்தத்தை மட்டும் பதிவுசெய்து போட்டிருந்தார். அதற்கும் எத்தனையோ பேர் இதயம் வைத்திருந்தார்கள். கடைசியில், என்னை அண்ணனாக நினைத்துக் காக்கா என்று கூப்பிடும் யாரோ ஒருவர் என்னை இழுத்தார்: "மஜீத் காக்கா முப்பத்தொரு வருஷம் ஆஸ்பத்திரி அம்புலன்ஸ் ஓடின மனிசன். அவரும் சொல்லட்டும்." உடனே வேறொருவர், "காக்காட வாகனத்தில ஏறினவங்க ஒருத்தரும் முறைப்பாடு சொன்னதில்லையாம்" என்று எழுதி, சிரிக்கும் முகம் நாலு வைத்தார்.

செத்தவர் முறைப்பாடு சொல்லமாட்டார் என்ற அந்தப் பகிடியை மூன்று நாள் மனதில் வைத்துக்கொண்டு திரிந்தேன். எழுதியவர் கெட்ட மனிதரல்ல. பள்ளிவாசலில் கண்டால் ஸலாம் சொல்கிறவர்தான். ஆனாலும் எரிச்சல் அடங்கவில்லை. போனில் விரலால் தட்டி எழுதித் தீராது என்பதால் தாளில் எழுதுகிறேன். யாராவது படம் எடுத்துக் குழுவில் போடட்டும்.

நான் கார் ஓடப் பழகியது அட்டாளைச்சேனையில் ஒரு போடியாரின் மொரிஸ் மைனரில். சாகாமத்தில் அவருக்கு நிறைய வயல் இருந்தது. சேறும் கல்லுமான அந்தப் பாதையில் அந்தச் சின்னக் கார் ஒரு நாளும் என்னை நடுவழியில் இறக்கிவிட்டதில்லை. பிறகு இரண்டு வருடம் நெல் லொறி. பிறகு அரசாங்கத்தில் சாரதி வேலை கிடைத்து, எங்கள் கரையோரத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று எழுதமாட்டேன். ஊரில் உள்ளவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தேவையில்லை.

அங்கே போன பிறகுதான் வாகனம் ஓடுவது என்றால் என்ன என்று படித்தேன். அதையும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு படிக்கவில்லை. இரண்டாம் வருடம் எனக்கு அப்பெண்டிக்ஸ் வந்து, மற்றச் சாரதி என்னைப் பின்னால் படுக்கவைத்து மட்டக்களப்புக்குக் கொண்டுபோனார். நான் நூறு தரம் ஓடிய வீதி அது. மல்லாக்கப் படுத்தால் அது வேறு வீதி. ஒவ்வொரு பாலத்தின் மூட்டும் வயிற்றுக்குள் ஏறி இறங்கியது. அவர் பிரேக் பிடித்தபோதெல்லாம் என் உடம்பு முழுவதும் தலைப்பக்கம் சரிந்தது. சுகமாகி வந்த நாளிலிருந்து என் கால் மாறிவிட்டது. முன்னால் மாடு நிற்கிறதென்றால் முந்நூறு அடிக்கு முன்னமே காலை எடுப்பேன். கியர் மாற்றுவது பின்னால் படுத்திருப்பவருக்குத் தெரியக்கூடாது. கல்முனைச் சந்தியில் ஹோர்ன் அடித்து வீரம் காட்டுவதெல்லாம் எனக்குப் பிடிக்காது. குலுக்காமல் கெதியாகப் போக வேண்டும், அவ்வளவுதான் என் வேலை. முதுகைப் பிடித்துவிடும் கதிரையைப் பற்றி எழுதியவர் ஒரு தரம் ஸ்ட்ரெச்சரில் படுத்துப் பார்த்துவிட்டு எழுதட்டும்.

காலை ஏழு மணிக்கு வேலை தொடங்கும். எண்ணெய், தண்ணீர், பிரேக் எண்ணெய், டயர் நான்கு, மாற்று டயர் ஒன்று, சைரன், பின்விளக்கு. பிறகு பின்னால் ஏறி ஒக்சிஜன் சிலிண்டரின் முள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். அதைத் திறக்கும் சாவியைச் சிலிண்டரின் கழுத்திலேயே ஒரு கயிற்றால் கட்டி வைப்பேன், தேடக்கூடாது என்பதற்காக. எல்லாம் முடிந்த பிறகு ரன்னிங் சார்ட். புறப்பட்ட நேரம், மீற்றர், எங்கே போகிறோம், எதற்காக, அதிகாரியின் ஒப்பம். ஒப்பத்துக்கு மேலே குறிப்பு என்று ஓர் இடம் இருக்கும். அநேகமான சாரதிகள் அதில் ஒரு கோடு போட்டுவிடுவார்கள். நான் ஏதாவது எழுதுவேன். பக்கங்களுக்கு இலக்கம் அடித்த புத்தகம் அது. ஒரு தாளைக் கிழித்தால் தெரிந்துவிடும்.

அந்த ஒப்பத்தை வைக்கிறவர் லத்தீப் சேர், போக்குவரத்துக்குப் பொறுப்பானவர். அவரைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். லஞ்சத்துக்குக் கைநீட்டுகிற ஆளல்ல. ஐந்து நேரமும் தொழுகிறவர். ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. உட்காருவதற்கு முன் மேசையைக் கைக்குட்டையால் துடைப்பார். பேனையைத் தாளுக்குச் சமாந்தரமாக வைப்பார். நாம் சொல்வதை முழுக்கக் கேட்டு, தலையை ஆட்டி, "நீங்க சொல்றது சரிதான் மஜீத். எழுத்தில தாங்க" என்பார். எழுத்தில் கொடுத்தால் அதில் திகதி முத்திரை குத்தி, பைலுக்குள் வைத்து, பைலை அலுமாரிக்குள் வைப்பார். அதோடு அந்த விஷயம் சரி. ஏசுகிற அதிகாரியோடு திருப்பி ஏசலாம். மரியாதையாகக் கேட்டுக்கொண்டு ஒன்றுமே செய்யாத மனிதரை என்ன செய்வது?

எங்களிடம் இருந்தது ஒரு பழைய டெலிக்கா வான். அதன் குற்றம் ஒன்றும் இல்லை. அதற்குச் செய்ய வேண்டியதைச் செய்யாதவர்கள் நாங்கள். இஞ்சினுக்குத் தண்ணீர் போகும் ரேடியேட்டர் ஹோஸ் வெடித்துக் கசிந்தது. புது ஹோஸ் வேண்டும் என்று மூன்று கடிதம் கொடுத்தேன். மூன்றுக்கும் முத்திரை விழுந்தது. நான் சைக்கிள் டியூப்பை வெட்டிச் சுற்றி, கம்பியால் இறுக்கி ஓடினேன்.

அப்படி இருக்கும்போதுதான் வெளிநாட்டு உதவியில் எங்களுக்கு ஒரு புது அம்புலன்ஸ் கிடைத்தது. கொழும்புக்குப் போய் அதைக் கொண்டுவரச் சொல்லி என்னையே அனுப்பினார்கள்.

வெள்ளை லேன்ட்க்ரூசர். கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் ஓடிய வாகனங்களில் இதைவிடத் திறமான ஒன்று இல்லை. சுபஹு தொழுதுவிட்டுக் கொழும்பில் எடுத்தேன். கண்டியில் சாப்பிட்டேன். மஹியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவிலும் வழமையாக என் தோள்மூட்டு நோகும். அன்று ஒரு கையால் இறங்கினேன். ஏற்றத்தில் லொறிகளைத் தாண்டும்போது இஞ்சின் முனகவேயில்லை, காலை வைத்ததும் போனது. அம்பாறைக்கு இப்பால் வீதி உடைந்திருந்தது. குழிக்குள் விழுந்ததைக் கண்ணால் கண்டேன், உடம்பில் படவில்லை. ஓர் இடத்தில் நிறுத்தி, பின்னால் ஏறி, ஸ்ட்ரெச்சரில் படுத்துப் பார்த்தேன். தலைமாட்டில் இரண்டு ஒக்சிஜன் சிலிண்டர். சுவரில் ஒரு சின்ன இயந்திரம், மூச்செடுக்க முடியாதவருக்கு அதுவே மூச்சுக் கொடுக்குமாம். படுத்திருந்தபடி மேலே பார்த்து, "அல்ஹம்துலில்லாஹ், இனி எங்கட சனம் வழியில சாகாது" என்று வாய்விட்டுச் சொன்னேன். அப்போது எனக்கு நாற்பத்தாறு வயது. அந்த வயதிலும் ஒரு மனிதன் இவ்வளவு ஏமாளியாக இருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்குள் வந்து நின்றதும் லத்தீப் சேர் வெளியே வந்து வாகனத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "டயரக் கழுவுங்க" என்றார். கழுவினேன். "ஷெட்டுக்குள்ள விட்டு மூடுங்க" என்றார். தறப்பாளால் மூடினேன். திறந்துவைக்க ஒரு பெரிய மனிதர் வருவார், அவர் திகதி தரும்வரை ஒருவரும் தொடக்கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. சாவியில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டித் தன் மேசை லாச்சிக்குள் வைத்தார்.

ஒன்றரை மாதம். திகதி ஒன்று வந்தது, மாறியது. இன்னொன்று வந்தது, அதுவும் மாறியது. பந்தல்காரர் இரண்டு தரம் கம்பு நட்டுப் பிடுங்கிக்கொண்டு போனார். நான் கிழமைக்கு ஒரு தரம் தறப்பாளைத் தூக்கி, பெற்றரி இறங்காமல் இருக்க இஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிடுவேன். அதற்கு மட்டும் அனுமதி இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு இஸ்மாயில் என்ற ஒருவரை முச்சக்கர வண்டியில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முப்பத்திரண்டு வயது. சாகாமத்தில் சூடடித்த நெல்லுக்குக் காவலாக வயல் வாடிக் குடிசையில் பாயில் படுத்தவர். சுபஹுக்கு எழுப்பப் போன அவருடைய காக்கா நஸீர், தம்பி கண்ணைத் திறக்க முடியாமல் கிடப்பதைக் கண்டிருக்கிறார். கணுக்காலில் இரண்டு புள்ளி. பாம்பை ஒருவரும் காணவில்லை. நரம்பைப் பிடிக்கிற விஷம் என்று டொக்டரம்மா சொன்னார். விஷமுறிவு மருந்து ஏற்றிய பிறகும் மூச்சுக் குறைந்துகொண்டே போனது. தொண்டைக்குள் குழாய் விட்டு, ரப்பர் பையைக் கையால் அமத்தி அமத்தி மூச்சுக் கொடுத்தார்கள்.

"ஆள் நினைவாத்தான் இரிக்கிறார்," என்றார் பரீதா மிஸ், அன்று வேலையில் இருந்த தாதி. "கேக்கிறதெல்லாம் கேக்கும். கண்ணும் கையும்தான் ஏலாம இரிக்கி."

பக்கத்து ஆஸ்பத்திரிகளில் சுவாச இயந்திரக் கட்டில் ஒன்றும் அன்று காலியில்லை. மட்டக்களப்பில் ஒன்று இருக்கிறது, உடனே கொண்டுவாருங்கள் என்றார்கள். ஒன்றரை மணித்தியால ஓட்டம். டொக்டரம்மா என்னைப் பார்த்தார். "மஜீத், அந்தப் புது வாகனத்தில மெஷின் இருக்குத்தானே?"

"இரிக்கி, டொக்டர்."

இருவருமாக லத்தீப் சேரின் அறைக்குப் போனோம். அவர் எழுந்து டொக்டரம்மாவுக்குக் கதிரை காட்டினார். டொக்டரம்மா உட்காரவில்லை. விஷயத்தைச் சொன்னார். லத்தீப் சேர் முழுவதையும் கேட்டார்.

"நீங்க சொல்றது சரிதான், டொக்டர். ஆனா அந்த வாகனம் இன்னும் எங்களுக்கு வரல்ல."

"ஷெட்டுக்குள்ள நிக்கிதே, சேர்," என்றேன்.

"நிக்கிறது வேற, வாறது வேற, மஜீத். வாற வியாழன் திறப்பு விழா என்டு நேத்துத்தான் கோல் வந்த. இப்ப எடுத்து, வழியில ஒரு கீறல் விழுந்தா நான் யாருக்குப் பதில் சொல்ற?"

"ஒரு உயிருக்குப் பதில் சொல்லத் தேவையில்லையா?" என்று டொக்டரம்மா கேட்டார்.

"எழுத்தில தாங்க. நான் மேல கேக்கிறன்."

டொக்டரம்மா சட்டைப்பையில் இருந்த, மருந்து எழுதும் துண்டிலேயே மூன்று வரி எழுதி மேசையில் போட்டுவிட்டு வார்ட்டுக்கு ஓடினார். லத்தீப் சேர் அந்தத் துண்டுக்கு முத்திரை குத்தினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அதை எடுத்துக்கொண்டு, தொலைபேசி இருந்த பக்கத்து அறைக்குப் போனார். லாச்சி கொஞ்சம் திறந்தபடி இருந்தது. சிவப்பு ரிப்பனின் நுனி வெளியே தெரிந்தது. நானும் அந்த மேசையும் மட்டும். மூன்று நிமிடமோ நான்கு நிமிடமோ அப்படி நின்றிருப்பேன்.

அவர் திரும்பி வந்தார். "மேல ஆள் இல்ல, கூட்டத்துக்குப் போயிட்டாராம். நீங்க பழைய வாகனத்தக் கொண்டு போங்க, மஜீத். பொறுமையா ஓடுங்க."

"சரி, சேர்," என்றேன்.

இந்த இரண்டு வார்த்தையைத்தான் இவ்வளவு காலமாக மென்றுகொண்டிருக்கிறேன்.

டெலிக்காவின் பின்னால் இஸ்மாயிலை ஏற்றினோம். தலைமாட்டில் பரீதா மிஸ், பையை அமத்திக்கொண்டு. கால்மாட்டில் நஸீர். ஒலுவில், நிந்தவூர், காரைதீவு ஊர்களைத் தாண்டினோம். சாய்ந்தமருதில் சந்தை நாள் சனம், ஆனால் வழி விட்டார்கள். கல்முனையைத் தாண்டி மருதமுனையில் வெப்பமுள் ஏறத் தொடங்கியது. வேகத்தைக் குறைத்தால் முள் இறங்கும், ஆனால் பின்னால் மிஸ்ஸின் கை ஓய்ந்துபோகும். குறைக்கவில்லை. கல்லாற்றுப் பாலத்தில் ஏறும்போது டியூப் சுற்றிய இடம் கிழிந்தது. கண்ணாடி முழுக்க ஆவி. பாலத்தைத் தாண்டி ஓரத்தில் வாகனம் நின்றது.

களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரிக்குக் கோல் எடுத்தோம். அவர்களுடைய வாகனம் ஓர் ஆளை ஏற்றிக்கொண்டு சற்று முன்தான் போயிருந்தது. பத்தரை மணி வெயில். உள்ளே இருக்க முடியாத சூடு. மிஸ்ஸின் முகத்தில் இருந்து வியர்வை இஸ்மாயிலின் நெற்றியில் விழுந்தது. நான் ஏறி, "தாங்க மிஸ், கொஞ்சம் நான் அமத்துறன்" என்று பையை வாங்கினேன்.

"ஒன்டு, ரெண்டு, மூன்டு என்டு எண்ணுங்க. மூன்டுக்கு ஒருக்கா அமத்துங்க. கூட அமத்த வேணாம்," என்றார்.

எண்ணினேன். இஸ்மாயிலின் நெஞ்சு என் கைக்கு ஏறி இறங்கியது. மூடிய இமைக்கு அடியில் இருந்து காதுப்பக்கம் ஒரு சொட்டுக் கண்ணீர் ஓடியது. அவருக்கு எல்லாம் கேட்டது. வாகனம் நின்றது, நாங்கள் கோல் எடுத்தது, வேறு வாகனம் இல்லை என்று சொன்னது, எல்லாம்.

நஸீர் வீதியின் நடுவில் நின்று கையை விரித்தார். மூன்று வாகனம் வளைத்துக்கொண்டு போனது. நாலாவதாக வந்த மீன் வான் நின்றது. ஒலுவிலில் இருந்து ஐஸ் போட்ட மீனோடு மட்டக்களப்புக்குப் போகும் வான். ஓட்டி வந்தவர் எட்டிப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பின்கதவைத் திறந்து மீன் பெட்டிகளை வீதி ஓரத்தில் இறக்கத் தொடங்கினார்.

"மீன் பழுதாப் போகுமே, தம்பி," என்றார் நஸீர்.

"போகட்டும் காக்கா, தூக்குங்க," என்றார் அவர்.

தூக்கி மாற்றும்போதுதான் அது நடந்தது. வானின் தரை உயரம், ஐஸ் தண்ணீரில் வழுக்கியது. ஸ்ட்ரெச்சர் ஒரு பக்கம் சரிந்தது. தொண்டைக்குள் இருந்த குழாய் இழுபட்டு வந்துவிட்டது. மிஸ் முகத்தில் மாஸ்க்கை வைத்து அமத்தினார். நெஞ்சு ஏறவில்லை. நாடியைத் தூக்கி, தலையைச் சரித்து, திரும்ப அமத்தினார். ஏறவில்லை. உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. எவ்வளவு நேரம் என்று என்னால் சொல்ல முடியாது. ஐந்து நிமிடம் என்று மிஸ் பிறகு விசாரணையில் சொன்னார். ஒருவாறு நெஞ்சு ஏறியபோது நஸீர், மீன் செதிலும் தண்ணீருமாக இருந்த அந்தத் தரையில் முழங்காலில் இருந்து ஓதிக்கொண்டிருந்தார்.

அந்த மீன்காரர் ஓடிய ஓட்டத்தை நான் என் காலத்தில் ஓடியதில்லை. மட்டக்களப்பில் இறக்கியபோது இஸ்மாயிலின் இதயம் அடித்துக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் மௌத்தாகிப் போனார். மூளைக்குக் காற்றுப் போகாத நேரம் கூடிவிட்டது என்று அங்குள்ள டொக்டர் சொன்னார். அது வியாழக்கிழமை. திறப்பு விழா அன்றும் நடக்கவில்லை. பெரிய மனிதருக்கு வேறு வேலை வந்துவிட்டது.

இப்போது மற்றதைக் கேளுங்கள். இரண்டு கிழமையில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. வாகனம் இடைவழியில் பழுதடைந்ததற்குச் சாரதியின் கவனயீனமே காரணம் என்று தெரிகிறது, விளக்கம் தரவும். கீழே லத்தீப் சேரின் ஒப்பம். என் மூன்று கடிதமும் பைலில் இல்லை. டொக்டரம்மாவின் துண்டும் இல்லை. போய்க் கேட்டேன். "நானும் தேடினன் மஜீத், காணல்ல" என்றார், அதே அமைதியோடு. அன்று அவரை அடித்திருந்தால் இன்று வருத்தப்பட்டிருக்கமாட்டேன்.

ஆனால் ரன்னிங் சார்ட்டின் குறிப்பு இடத்தை அவர் மறந்துவிட்டார். நாலு மாதம், ஒவ்வொரு நாளும், "ரேடியேட்டர் ஹோஸ் கசிகிறது" என்று என் கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும் அதற்குக் கீழே அவருடைய ஒப்பம். விசாரணைக்கு வந்தவர் அந்தப் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். அதோடு என் மேல் இருந்த குற்றம் போனது. லத்தீப் சேருக்கு என்ன ஆனது என்று நினைக்கிறீர்கள்? இடமாற்றம். போன இடத்தில் பதவி உயர்வு. டொக்டரம்மா மனம் வெறுத்து வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டார். பரீதா மிஸ்ஸிடம், குழாய் ஏன் கழன்றது என்று மூன்று தரம் வாக்குமூலம் எடுத்தார்கள். வாகனம் ஏன் ஷெட்டுக்குள் நின்றது என்று ஒருவரிடமும் எடுக்கவில்லை.

விசாரணை முடிந்த பிறகு நான் நஸீரின் வீட்டுக்குப் போனேன். அவர்களுக்குப் புது வாகனத்தைப் பற்றித் தெரியாது. அல்லாஹ்வின் நாட்டம், வாகனம் பழுதாகிவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். இஸ்மாயிலின் மனைவி, கணவன் மௌத்தான பின் இருக்கும் இத்தாவில், உள்ளே இருந்தார். நஸீர் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று பிறகு பலர் சொன்னார்கள். அவர்கள் மட்டும் தெரியாமல் இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

நஸீர் கேட்டுக்கொண்டிருந்தார். கேட்டு முடித்து, "சாவி எங்க இருந்த?" என்றார்.

"சேர்ட லாச்சிக்குள்ள."

"லாச்சி பூட்டியா இருந்த?"

"இல்ல."

"நீங்க பக்கத்தில நின்டயா?"

"ஓம்."

அவர் என்னை ஏசவில்லை. தேத்தண்ணியைக் கையால் காட்டி, "ஆறிப் போகுது, குடிங்க" என்றார். அதைக் குடித்து முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

திறப்பு விழா இஸ்மாயில் மௌத்தாகி ஐந்து கிழமைக்குப் பிறகு நடந்தது. ரிப்பன் வெட்டினார்கள். உயிர் காப்பதைப் பற்றி ஒருவர் அரை மணித்தியாலம் பேசினார். வந்த பெரியவர் முன்கதிரையில் ஏறி உட்கார, நான் ஆஸ்பத்திரி வளவுக்குள் ஒரு சுற்று ஓடிக் காட்டினேன். "நல்ல வாகனம் என்ன?" என்றார். நான் வாகனத்தை ஷெட்டுப் பக்கம் திருப்பினேன். கேட்கவில்லை என்று நினைத்திருப்பார்.

அதற்குப் பிறகு அந்த வாகனத்தை நான் ஓய்வு பெறும் வரை ஓடினேன். ஒரு நாளும் ஒப்பத்துக்காகக் காத்து நிற்கவில்லை. ஆளை ஏற்று, ஓடு, வந்து எழுது. புதிதாக வந்த பொறுப்பதிகாரிகள் ஏழு தரம் விளக்கம் கேட்டார்கள். ஏழுக்கும் ஒரே பதில்தான் கொடுத்தேன்: நோயாளி ஏற்றப்பட்ட நேரம் இது, புறப்பட்ட நேரம் இது. எத்தனை பிரசவம், எத்தனை விபத்து, எத்தனை பாம்புக்கடி. அந்தச் சுவர் இயந்திரம் மூச்சுக் கொடுக்க, பின்னால் படுத்திருந்தவர் கலங்காமல் போய்ச் சேர்ந்த நாட்கள் நிறைய. ஒவ்வொரு தரமும் கல்லாற்றுப் பாலத்தைத் தாண்டும்போது எனக்கு எரியும். வாகனம் அவ்வளவு இலேசாகத் தாண்டிப் போகும் என்பதுதான் எரிச்சல்.

அறுபது முடிந்து ஓய்வு பெற்ற அன்று ஆஸ்பத்திரி மண்டபத்தில் பிரியாவிடை வைத்தார்கள். மாலை போட்டார்கள். ஏற்பாடு செய்தவர்கள் நல்ல எண்ணத்தில் ஒரு விசேட அதிதியை அழைத்திருந்தார்கள். லத்தீப் சேர். அவரும் ஓய்வு பெற்று, தாடி நரைத்து, முகத்தில் நல்ல வெளிச்சத்தோடு இருந்தார். மைக்கைப் பிடித்து என்னைப் பாராட்டினார்.

"மஜீத் மாதிரி ஒரு சாரதிய நான் காணல்ல. என்ட காலத்தில ஒரு நாள் சரி உத்தரவ மீறினதில்ல."

சனம் கை தட்டியது. அடுத்தது நான் பேச வேண்டும். நன்றி சொல்வதற்கு ஒரு துண்டில் எழுதி வைத்திருந்தேன். அதை எடுக்கவில்லை.

"சேர் சொன்னது உண்ம," என்றேன். "நான் உத்தரவ மீறல்ல. அதால சாகாமத்தில வயல் செஞ்ச இஸ்மாயில் என்டு ஒரு மனிசன் முப்பத்திரெண்டு வயசில மௌத்தாப் போனார். புது வாகனம் இந்த மண்டபத்துக்குப் பின்னால ஷெட்டுக்குள்ள நின்ட. அவரக் கொண்டு போனது மீன் வானில. அவர்ட பேர இந்த ஆஸ்பத்திரியில ஒருத்தரும் ஒருக்காலும் மைக்கில சொல்லல்ல. நான் சொல்றன். இஸ்மாயில்."

லத்தீப் சேர் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து, மைக் இல்லாமல், மெதுவாகச் சொன்னார்: "அது விசாரிச்சு முடிஞ்ச விஷயம், மஜீத்."

"உங்களுக்கு முடிஞ்சிரிக்கும், சேர்," என்றேன்.

மாலையைக் கழற்றிக் கதிரையில் வைத்தேன். பின்வரிசையில் பரீதா மிஸ் எழுந்து நின்றுகொண்டிருந்தார். மண்டபத்தில் எழுந்து நின்றவர் அவர் ஒருவர்தான். அவருக்கு ஸலாம் சொல்லிவிட்டு, சாப்பாட்டுக்கு நிற்காமல் வீட்டுக்கு நடந்து போனேன்.